ஒரே ஒரு காலியிடம்

நேர்காணலுக்கு வந்தவர்கள் காத்திருக்கும் அறைக்குள் நுழைந்ததும் அவள் கண்ணில் முதலில் பட்டது பிளாஸ்க் அண்ணனின் முகம்தான். திரும்பிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் அவரும் பார்த்துவிட்டார்.

வேலை பார்த்த மருந்துக் கிடங்கை மூடி எல்லோரையும் அனுப்பியபோது அவள் அழவில்லை. பயம் பிறகுதான் வந்தது. போன் அடித்தால் திடுக்கிட்டாள். அடிக்காவிட்டால் இன்னும் மோசம். ஏதாவது தகவல் உண்டா என்று கேட்பதைக் கணவர் நிறுத்திவிட்டிருந்தார். மகள்கூட ஷூ கடிப்பதைச் சொல்லாமல் விந்தி விந்திப் பள்ளிக்குப் போனாள். வீட்டில் எல்லோரும் அவளிடம் பதமாக நடந்துகொண்டதுதான் அவளை அதிகம் கலங்கடித்தது.

நூலக மாடியில் வேலை போனவர்கள் கூடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் அங்கே போனாள். ஒருவர் அதிகாரி மாதிரி உட்கார்ந்து கேள்வி கேட்பார். மற்றவர்கள் பதில் சொல்லிப் பழகுவார்கள். முந்தைய வேலை என்ன ஆயிற்று என்று கேட்டதும் அவள் பாதி பதிலிலேயே நிறுத்திவிட்டாள். தினமும் எல்லோருக்கும் பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்து அந்தப் பெயரைச் சம்பாதித்திருந்த பிளாஸ்க் அண்ணனும் அவளைப் போலவே ஸ்டோர் கீப்பராக இருந்தவர்தான். மற்றவர்கள் கிளம்பிய பிறகும் இருந்து, அவள் குரல் நடுங்காமல் வரும்வரை அதே கேள்வியை விதவிதமாகக் கேட்டார். அப்படிப்பட்டவரிடம்தான் இங்கே ஸ்டோர் கீப்பர் வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. இருப்பது ஒரே இடம். சொன்னால் அவரும் விண்ணப்பிப்பார்.

வேறு வழியில்லாமல் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நானும் உன்கிட்ட சொல்லலம்மா," என்றார் தரையைப் பார்த்தபடி. "பயமா இருந்துச்சு."

"எனக்கும்தாண்ணே."

அவர் ஹெல்மெட்டின் வாரை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். இத்தனை வருட அனுபவம் உள்ளவரே இப்படி இருந்தால் தன் கதி என்ன என்று அவள் நினைத்தாள். உள்ளேயிருந்து யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"ஏன் அனுப்புனாங்கன்னு கேட்டா என்ன சொல்றது? எல்லாம் மறந்துபோச்சும்மா."

அவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

"ஆளைக் குறைச்சாங்க, என் வேலையில குறை இல்லன்னு சொல்லுங்க. அதோட நிறுத்திடுங்கண்ணே. விளக்கம் சொல்லப் போனாத்தான் குரல் உடையும்."

அவர் தலையாட்டினார். உதடுகள் அதைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தன.

கதவு திறந்து ஒரு பெண் அவரைக் கூப்பிட்டாள். எழுந்தவர் கையிலிருந்த ஹெல்மெட்டை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்து, அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். கதவு மூடியது. ஹெல்மெட்டின் உள்பக்கம் வியர்வையில் இன்னும் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே அவர் குரல் எழுந்தது, சொற்கள் பிடிபடவில்லை. அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.