கடைசி மூன்று மாதத்துக்கு என்ன போட?

மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள், வேலை முடிந்தது. சொந்த வண்டி வைத்துப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களுக்குத்தான் பாடு. ஜனவரியிலிருந்து டிசம்பர் வரைக்கும் மொத்தம் எவ்வளவு சம்பாதிப்பாய் என்று வருஷம் பிறந்த சூட்டோடு கேட்பார்கள். கண்ணால் பார்க்காத காசுக்குக் குத்துமதிப்பாக ஒரு கணக்குச் சொல்லி, அதற்கான வரியை நாலு தவணையாகக் கட்ட வேண்டும். குறைத்துச் சொல்லிவிட்டு அதிகம் சம்பாதித்தால் அபராதம். கூட்டிச் சொன்னால் அடுத்த வருஷம் பணம் திரும்பி வரும்.

டிரைவரம்மாவுக்கு ஏப்ரல் தவணை கட்ட மறுநாள்தான் கடைசி நாள். அந்தத் தெருவில் வேன் ஓட்டுகிற பெண் அவள் ஒருத்திதான் என்பதால் அவளுக்கு அந்தப் பேர். சாப்பாட்டு மேசை முழுக்க டீசல் பில்லும் டயர் பில்லும் பரவிக் கிடந்தன. எதிரே நாத்தனார், லேப்டாப்பும் கையுமாக. டயர் கடையில் கணக்கு எழுதுகிறவள். வீட்டில் அவளுக்குக் கணக்குப்புலி என்று பட்டப்பெயர். புருஷன் ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல்காரன். லீவு நாளிலும் கை சும்மா இருக்காது. சமையலறைத் தொட்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

டிரைவரம்மாவுக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. டாக்டரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது, புருஷனுக்குக்கூட. குமட்டலையெல்லாம் டீசல் வாடை மேல் பழி போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் அப்படி இல்லை. நாள் தள்ளிப்போன உடனேயே சொல்லிவிட்டாள். மாமியார் எடுத்த போனைக் கீழே வைக்கவில்லை. வரிக் கணக்கிலும் வருஷக் கடைசியைக் குறைத்துப் போட்டார்கள். பிறகு ஒரு நாள் எல்லாம் கலைந்து போயிற்று. சந்தோஷமாகச் சொன்ன அத்தனை பேருக்கும் மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. உடம்பு தேறிப் பார்சல் கிடங்குக்குப் போன அன்றைக்கு, "என்னம்மா, அதுக்குள்ள பெத்துட்டு வந்துட்டியா?" என்று சிரித்தார் சூப்பர்வைசர். பாவம், அவருக்கு மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டில் உட்கார மனசில்லாமல் அந்த வருஷம் பூராவும் வண்டி ஓட்டித் தள்ளினாள். சொன்ன கணக்குக்கு மேல் சம்பாதித்தாள், அபராதம் வந்தது. பெரிய காசில்லை, ஒரு தடவை டேங்க் நிரப்புகிற காசுதான். ஆனால் அதைக் கட்டிய அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள். ஆசைப்பட்டதற்குக்கூடவா அபராதம் என்றிருந்தது அவளுக்கு.

"அண்ணி, மார்ச் வரைக்கும் வந்ததப் போட்டாச்சு, செலவையும் கழிச்சாச்சு. இனிமே நீங்கதான் சொல்லணும். அடுத்த மூணு மாசம்?"

"அதே போடு."

"ஜூலைலேர்ந்து செப்டம்பர்?"

"அதையே போடேன்."

"அக்டோபர், நவம்பர், டிசம்பர்?"

டிரைவரம்மா ஒரு பில்லை எடுத்து மடிப்பு நீவினாள்.

"வருஷக் கடைசில பார்சல் மலை மாதிரி குவியுமே. ஒண்ணரை மடங்கு போடவா?"

"ரெண்டு மடங்கா போடு!" என்றான் புருஷன் தொட்டியடியிலிருந்து. "தண்ணி கேன் கான்ட்ராக்டும் வரப்போவுதாம். நான் வேலைய விட்டுட்டு வேன்ல பக்கத்து சீட்ல உக்காந்து பாடிக்கிட்டே வரேன்."

"வேணாம்ணா. உன் குரலக் கேட்டா பார்சல வாங்காமலே கதவ சாத்திடுவாங்க."

டிரைவரம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே யோசித்தாள். தலையை ஆட்டிவிட்டால் போதும். கூடக் கட்டின பணம் எங்கும் ஓடிவிடாது. விஷயமும் இன்னும் கொஞ்ச நாள் அவளோடு பத்திரமாக இருக்கும்.

"அப்ப கூட்டியே போட்டுடறேன் அண்ணி. அதான் நமக்கு நல்லது. போன வருஷம் மாதிரி கம்மியா போட்டுட்டு அப்பறம்..."

நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாத்திரச் சத்தமும் நின்றுவிட்டது.

"பரவால்லடி. நடந்ததுதானே," என்றாள் டிரைவரம்மா.

ஆனால் தலையை ஆட்டவில்லை. டிசம்பரில் ரெண்டு மடங்கு ஓட்டுவேன் என்று சொல்வதற்கு என்ன அர்த்தம்? இதுவும் தங்காது என்று தன் வாயாலேயே எழுதிக் கொடுப்பதுதானே? யாரோ முகம் தெரியாத வரி ஆபீஸ்காரர்களுக்குத்தான் என்றாலும், அதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"சைபர் போடு."

"எதுக்கு?"

"கடைசி மூணு மாசத்துக்கு. அதுக்கு முந்தின மூணையும் பாதியாக்கிடு."

"சைபரா? அண்ணி, வண்டிய வித்துடப் போறீங்களா?"

"வண்டிய ஏண்டி விக்கறேன்? ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும் எதை ஓட்டறது?"

"ஆஸ்பத்திரியா?" புருஷன் சோப்பு நுரை சொட்டும் கையோடு ஓடி வந்தான். "என்ன உடம்புக்கு? எங்கிட்ட ஏன் சொல்லல?"

நாத்தனாருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. "அய்யோ அண்ணா, நீ கரண்டி பிடிக்கத்தான் லாயக்கு," என்றாள்.

அவன் இவள் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "டீசல் வாடைன்னியே?"

"அதுவுந்தான்."

"எத்தனை மாசம்?"

"மூணு."

"யார் யாருக்குத் தெரியும்?"

"உங்க ரெண்டு பேருக்கு. நாளைக்கு வரி ஆபீசுக்கு."

"அம்மாவுக்கு?"

"அத்தைக்கு இப்ப வேணாங்க. அவங்க போன் கொஞ்ச நாள் சும்மா கிடக்கட்டும்."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். ஈரக் கையை எங்கே துடைப்பதென்று தெரியாமல் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான். "தண்ணி கேன் வேணாம்னு இன்னிக்கே சொல்லிடு," என்றான்.

"பாத்தியாடி? இதுக்குத்தான் சொல்லாம இருந்தேன். தண்ணி கேனெல்லாம் நான் அப்பவே வேணாம்னுட்டேன். நீங்க போய் பாத்திரத்த முடிங்க."

அவன் எழுந்திருக்கவில்லை.

நாத்தனார் திரையைப் பார்த்தபடி தயங்கினாள். "அண்ணி, நான் கணக்குக்காகத்தான் கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. ஒருவேளை மறுபடி அபராதம் வந்தா?"

"வந்தா கட்டுவோம்," என்றாள் டிரைவரம்மா. "காசுதானே."

நாத்தனார் சைபர் போட்டாள். மொத்தம் சரசரவென்று இறங்கியது. தவணைத் தொகையை ஒரு தரம் உரக்கப் படித்துவிட்டு, "கட்டிடவா அண்ணி?" என்று கேட்டாள்.

"கட்டு."