இறங்கும் தரை

2003ஆம் வருடம் வைகாசியில், ராஜகீழ்ப்பாக்கத்து துரைராஜ் தன் வீட்டு மொசைக் தரைக்குள் கணுக்கால் ஆழம் இறங்கினார். தரையில் விரிசல் எதுவும் விழவில்லை. சேற்றில் நிற்கிற மாதிரி நின்றார், அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக்கு அது புதிதும் இல்லை. வயலை மனை போட்டு விற்றுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்ட பழைய குடும்பத்து ஆட்கள் சிலர் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தார்கள். வயதாகி, கால் சதை கரையக் கரையத் தரை உள்ளே இழுக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மனைவி சாமுண்டீஸ்வரி அவரை இழுத்து வெளியே எடுத்து, ஆட்டோவில் கிழக்குத் தாம்பரத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே பிசியோதெரபி பார்க்கும் ஜெயஸ்ரீ இருவருக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தாள். நாற்காலியைப் பிடித்தபடி மெதுவாக எழுந்து உட்கார வேண்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். "மூச்சை அடக்காதீங்க சார். வலிச்சா நிறுத்திடுங்க, கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கலாம்" என்றாள்.

"செஞ்சா எறங்கறது நின்னுடுமா?" என்று கேட்டாள் சாமுண்டீஸ்வரி.

"தள்ளிப்போடலாம்மா" என்றாள் ஜெயஸ்ரீ.

நெல் மூட்டையைத் தனியாளாக வண்டியில் ஏற்றியவர் துரைராஜ். "நாற்காலிய புடிச்சிகினு குந்தி எழறதெல்லாம் ஒரு எக்சர்சைஸா? என்னை இன்னான்னு நெனச்சிகினா அந்தப் பொண்ணு?" என்றவர், அந்த வாரமே அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். முட்டிக்குள் ஏதோ அறுந்தது. அப்படியே தொடை வரை போய்விட்டார். தெருவே திரண்டு வந்து இழுத்தும் அசையவில்லை.

அடுத்தடுத்த வருடங்களில் இடுப்பு போனது, பிறகு வயிறு, பிறகு கைகளும். கேபிள்காரர் வந்து டிவியை அவர் கண் மட்டத்துக்குத் தாழ்த்தி வைத்துவிட்டுப் போனார். சாமுண்டீஸ்வரி மட்டும் தினமும் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். நூறு வயது வாழும் ஆசையெல்லாம் இல்லை. அவருக்குச் சோறு ஊட்டத் தரையில் உட்கார்ந்தால், திரும்ப எழுந்தாக வேண்டுமே.

"உடு சாமுண்டி, எப்டியும் போறதுதான்."

"நீ வாயத் தொற" என்பாள்.

2009இல் தெருவுக்கு மறுபடி தார் போட்டு உயர்த்தினார்கள். மழைத் தண்ணீர் இனி வீட்டுக்குள் வரும். துரைராஜுக்குக் கழுத்துதான் மிச்சம். தண்ணீர் அவர் வாய்க்குப் போகாமல் சுற்றிலும் ஒரு கட்டு எழுப்ப, கொத்தனார் சுவிசேஷமுத்து வந்து நூல் பிடித்து அளந்தார். ஜன்னலோரம் குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்த சாமுண்டீஸ்வரி, இறக்கிய கால் மொசைக்கில் நிற்காமல் ஒரு விரற்கடை உள்ளே போவதை உணர்ந்தாள். இன்னொரு முறை தூக்கி இறக்கினாள். மறுபடியும் போனது. கணவரைப் பார்த்தாள். அவர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சப் பயிற்சியை மூச்சை அடக்காமல் முடித்துவிட்டு வந்தாள்.

"இவ்ளோ அகலம் போதுமாக்கா?" என்றார் கொத்தனார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டுண்ணா. பக்கத்துல ஒரு ஆள் நிக்கிற மாதிரி."

சுவிசேஷமுத்து நூலை அவள் பக்கமாக நகர்த்திப் பிடித்தார்.