ஆற்று வெள்ளத்துக்கான கட்டம்

“அப்பா, அந்தக் கட்டத்துல இருந்த டிக்கை ஏன் எடுத்துட்டீங்க?”

ஹேட்டி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. கணினித் திரையில் வீட்டுக் காப்பீட்டுப் படிவம் இருந்தது. ‘ஆற்று வெள்ளம்’ என்ற கட்டத்தில் டிக் இருந்தால் வருடத்துக்கு ஒன்பதாயிரம் டாலர்; எடுத்துவிட்டால் இரண்டாயிரத்துச் சொச்சம். கிரெய்க் எடுத்துவிட்டிருந்தான்.

“தண்ணி நம்ம வீடு வரைக்கும் வராதுடா கண்ணு. இதைப் போய் அம்மாகிட்ட சொல்லிட்டிருக்காதே.”

மேரி ஆற்றங்கரை ஊரான கிம்பியின் தாழ்வான தெருக்களில் பாதிப் பேர் அப்படித்தான் செய்திருந்தார்கள். யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. பதினோரு மாதம் கழித்து மேரி ஆறு எழும்பி, அவர்கள் வீட்டு ஜன்னல் விளிம்பு வரை வந்து, இரண்டு நாள் நின்று, சேற்றை விட்டுவிட்டுப் போனது.

மனைவி கெரின் நனைந்த மெத்தையை முற்றத்தில் இழுத்துப் போட்டபடி, “கம்பெனிக்குப் போன் பண்ணியா? என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள். அப்போது சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்ததும் கிரெய்க்கின் வாயில் வேறொன்று வந்துவிட்டது.

“கையை விரிச்சுட்டான். மழைத்தண்ணின்னா குடுப்பானாம். இது ஆத்துத்தண்ணியாம்.”

அவன் போனே செய்யவில்லை. ஆனால் அதே பதிலை நிஜமாகவே வாங்கியவர்கள் ஊரில் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கெரின் எழுந்து நின்று அழுதுகொண்டே அதைச் சொன்னாள். சபை உருகிப் போனது. ஒருவர் குளிர்பதனப் பெட்டி கொண்டுவந்தார், ஒருவர் கட்டில். மேட்டுத் தெருவில் இருக்கும் மெர்வ் தன் கேரவனையே, சக்கரம் வைத்த அந்தச் சிறு வீட்டையே, காரில் இழுத்துக்கொண்டு வந்து அவர்கள் முற்றத்தில் நிறுத்தி, சாவியைக் கெரின் கையில் வைத்தார். அவரும் மனைவி பெரிலும் ஒவ்வொரு குளிர்காலமும் அதில்தான் குளிருக்குத் தப்பி வடக்கே கடலோரம் போவார்கள். அந்த வருடம் போகவில்லை. கிரெய்க்கின் குடும்பம் ஐந்து மாதம் அதில் குடியிருந்தது.

பொய் சொன்ன வாய்க்கு அந்த ஐந்து மாதமும் சோறு இறங்கியிருக்கக் கூடாது. ஆனாலும் இறங்கத்தான் செய்தது, மனிதன் அப்படித்தான்.

இதெல்லாம் நடந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. போன வாரம் அவர்களே பழைய கேரவன் ஒன்றை வாங்கினார்கள். வீட்டுக்கும் கேரவனுக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்தால் தள்ளுபடி உண்டு என்று கெரின் சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பெனியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறை தானேதான் பேசுவேன் என்றாள். எதிரே ஹேட்டி டோஸ்ட் தின்றுகொண்டிருந்தாள், கிரெய்க் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“கேரவனை ராத்திரி எங்கே நிறுத்துவீங்க?” என்றது ஒரு பெண் குரல்.

“வீட்டு முற்றத்துல. பூட்டுப் போட்டு.”

“நல்லதுங்க. கடந்த அஞ்சு வருஷத்துல எந்தக் கம்பெனியாவது உங்க கோரிக்கையை மறுத்திருக்காங்களா?”

“மறுத்தாங்களே! வெள்ளத்துக்கு. ஒரு காசு குடுக்கல, படுபாவிங்க. ஐயோ, உங்களைச் சொல்லலம்மா.”

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு குரல் தயங்கியது. “மறுப்பு இருந்தா எங்களால காப்பீடு தர முடியாதுங்க. மன்னிச்சுக்கோங்க.”

“இதோட மூணாவது கம்பெனி,” கெரின் தலையைப் பிடித்துக்கொண்டாள். “பணம் குடுக்காததும் அவன், கெட்ட பேர் எனக்கா? இது என்ன நியாயம்?”

கிரெய்க் தேநீர்க் கோப்பையையே பார்த்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் கெரின் நான்காவதைக் கூப்பிடுவாள், ஐந்தாவதைக் கூப்பிடுவாள், எவனும் எடுக்கமாட்டான், வீடு மறுபடி வெள்ளக் காப்பீடு இல்லாமல் ஆற்றைப் பார்த்து நிற்கும். வாயைத் திறந்தால் கெரின் முன்னால் அவன் யார் என்று தெரிந்துவிடும். நிமிர்ந்தபோது ஹேட்டி தின்பதை நிறுத்தியிருந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தானே ஏதோ தப்புச் செய்ததுபோல.

“மறுக்கல,” என்றான் கிரெய்க். “யாரும் மறுக்கல. நான் கேக்கவே இல்ல. வெள்ளத்துக்கான டிக்கை நான்தான் எடுத்தேன்.”

போனில் அந்தப் பெண் மெல்ல, “நான் லைன்ல காத்திருக்கேங்க,” என்றாள்.

கெரின் அவன் பக்கம் திரும்பினாள். “அத்தனை பேர் முன்னாடி நின்னு நான் அழுதேன், கிரெய்க்.”

“தெரியும்.”

“என்ன தெரியும்? நீ பக்கத்துல உக்காந்து என் முதுகைத் தடவிக் குடுத்த!”

“அம்மா, நான் பார்த்தேன்,” என்றாள் ஹேட்டி. “அப்பா சொல்லாதேன்னாரு. அதான் சொல்லல.”

ஏழு வயதில் தன் தலையில் அப்பன் இறக்கிவைத்த சுமையை அந்தப் பிள்ளை இத்தனை நாள் சுமந்திருக்கிறது. கிரெய்க்குக்கு மேசைக்கடியில் புகுந்துவிடலாம் போலிருந்தது.

கெரின் மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். போனைப் பார்த்து, “கேட்டீங்கல்லம்மா? மறுப்பு எதுவும் இல்லையாம். கேரவன் வேண்டாம், அதை வித்து அந்தக் காசைக் கட்டிடுறோம். வீட்டுக்கு மட்டும் போடுங்க. வெள்ளத்தோட,” என்றாள்.

“சரிங்க,” என்ற அந்தப் பெண், வழக்கமான கேள்விகளுக்குப் போகுமுன், “நிதானமா சொல்லுங்க, அவசரமே இல்ல,” என்றாள். முகம் தெரியாத ஒருத்தியின் அந்த இரக்கத்தைத் தாங்கமுடியாமல் கிரெய்க் எழுந்து வெளியே போனான்.

நேராக மெர்வ் வீட்டுக்குத்தான் போனான். மெர்வ் தோட்டத்தில் எலுமிச்சைக் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார். கிரெய்க் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான்.

மெர்வ் கத்தரிக்கோலை மடக்கினார். “வண்டி குடுக்கும்போது உன்கிட்ட காரணம் ஏதாவது கேட்டேனா?”

“இல்ல.”

“தரையில படுத்துக் கிடந்தீங்க. குடுத்தேன். அவ்வளவுதான். டேய் தம்பி, முகத்தை இப்படி வெச்சுக்காதே, எலுமிச்சையே தேவலாம்போல இருக்கு.”

“இந்த வருஷமாவது வடக்கே போறீங்களா?”

“எங்கே போறது? வெள்ளத்துக்கு அடுத்த வருஷமே பெரிலுக்கு முட்டி போச்சு. கேரவன் படியில ஏற முடியல. போன மாசம் முயற்சி பண்ணிப் பார்த்தா, பாதியில நின்னுக்கிட்டு என்னைத் திட்டுறா.” அவர் சிரித்தார். பிறகு, யாரையும் குத்திச் சொல்லாத குரலில், “வெள்ளம் வந்த வருஷம் நல்லாத்தான் ஏறினா,” என்றார்.

கேரவன் கிரெய்க்கிடம் இருந்த வருடம் அது; அவர் அதை நினைத்துச் சொல்லவில்லை. அதனாலேயே அது கிரெய்க்கின் நெஞ்சில் தைத்தது.

அடுத்த ஞாயிறு பாடல்களுக்கு முன்பே சபையின் முன் நின்று உண்மையைச் சொன்னான். யாரும் கல்லெறியவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது. தேநீர் வேளையில் ஒருவர் அவன் தட்டில் கேக் துண்டொன்றை வைத்துவிட்டு நகர்ந்தார்.

அதற்கடுத்த ஞாயிறு அவன் கெரினையும் ஹேட்டியையும் தேவாலய வாசலில் இறக்கிவிட்டு, வேலை இருக்கிறது என்றான். என்ன வேலை என்று கெரின் கேட்கவில்லை. இன்னும் அவனோடு அதிகம் பேசத் தொடங்கியிருக்கவில்லை. மெர்வும் பெரிலும் உள்ளே முன்வரிசையில் இருந்தார்கள்.

கிரெய்க் மாட்டுப் பட்டிகளுக்கு இரும்புக் கதவு அடிக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவன். வாரம் முழுக்க, வேலை முடிந்தபின் தங்கி, மூன்று அகலப் படிகளும் பக்கத்தில் ஒரு கைப்பிடியும் பற்றவைத்திருந்தான். ஒவ்வொரு படியும் ஒரு சாண் உயரம்கூட இல்லை. கேரவன் நிற்கும் மெர்வின் கொட்டகைக்கு எப்போதும் பூட்டு கிடையாது. கேரவனின் பழைய படியைக் கழற்றினான்; புதியதைப் பொருத்தினான்; எட்டு போல்ட்டுகளையும் முறுக்கினான். தன் முழு எடையோடு ஏறி, இறங்கி, குதித்துப் பார்த்தான். ஆடவில்லை. கைப்பிடியைத் தடவியபோது ஓரிடத்தில் கூர் தட்டியது. அரத்தை எடுத்து, பெரிலின் உள்ளங்கையை நினைத்தபடி அதைத் தேய்த்து வழவழப்பாக்கினான்.

தரையில் கிடந்த இரும்புத் தூளைத் துடைத்து எடுத்துக்கொண்டு, அவர்கள் வீடு திரும்புமுன் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டுப் போனான்.