உத்திரத்தில் விழுந்த கோடு

மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில், சுப்பராமனும் தங்கை ஜலஜாவும் நடுவே சுவர் வைத்துப் பிரித்துக்கொண்ட வீட்டின் உத்திரத்துக்குள் பூஞ்சையும் பாக்டீரியாவும் போட்ட சண்டை, எட்டு வருஷமாகத் தெருமுனை வரை கேட்டது. பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம். 2015 மழையில் ஊறிய மரம் அது. அண்ணன் பக்கம் பூஞ்சை வெள்ளை நூலாகப் படர்ந்து அமிலத்தைக் கக்கியது. தங்கை பக்கம் பாக்டீரியா கொழகொழவென்று, புளித்த தோசை மாவு வாடையோடு வந்து நூலை அரித்துத் தின்றது. இரண்டும் முட்டிய இடத்தில், சுவருக்கு நேர் மேலே, கறுப்பாக ஒரு கோடு. கோடு தன் பக்கம் அரை அங்குலம் நகர்ந்தாலும் ஜலஜா ஏணி வைத்துப் புளித்த மோரை ஊற்றுவாள். சுப்பராமன் தன் பங்குக்குக் கஞ்சி பூசுவார். மரத்தைக் காப்பாற்றுவதாகத்தான் இருவருக்கும் நினைப்பு. ஊட்டி வளர்த்ததென்னவோ அவரவர் படையை.

வழக்கில் கிடந்த வீட்டை விற்க முடியாது, போக்கிடமும் கிடையாது. திருவல்லிக்கேணித் தச்சர் கரீமுல்லா உத்திரத்தில் காது வைத்துக் கேட்டுவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் ஜலஜாவுக்கும் கேட்கும்படி சொன்னார்.

“ரெண்டும் முட்டிக்கினு கீறதால மரத்த துன்ன நேரமில்ல சார். ராசியாச்சுனா கூரை எறங்கிடும்.”

போன ஆடியில் சுப்பராமன் மாரடைப்பு வந்து பிழைத்துத் திரும்பினார். ஜலஜாவுக்கு மனசு கேட்கவில்லை. பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவர் வாசல்படி ஏறி ரசம் சாதம் பிசைந்து கொடுத்தாள். தவறு தன்மேல்தான் என்று அவர் அழுதார். அப்போது சத்தம் நின்றது. கறுப்புக் கோடு மறைந்தது. உத்திரம் ஒரு சாண் இறங்கி, தட்டில் காரை கொட்டியது.

அண்ணாந்து பார்த்த ஜலஜா தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அம்மா ஆறு மாசம் படுத்துண்டு கிடந்தா. நீ எட்டிக்கூடப் பாக்கலை அண்ணா. செத்தாலும் மறக்க மாட்டேன்.”

அந்தக் கோபத்தை அவள் மறந்து வெகுநாளாகியிருந்தது, அதுதான் கொடுமை. மேலே நறநறவென்று மறுபடி ஆரம்பித்தது.

அன்றுமுதல் தினமும் பால் பாக்கெட் வந்ததும் இருவரும் சுவருக்கு இருபுறமும் நின்று திட்டிக்கொள்கிறார்கள். அவருக்கு மூச்சு வாங்கும் நாட்களில் ஜலஜாவே, தன்னை அவர் திட்டவேண்டியதையும் சேர்த்துத் திட்டி முடிக்கிறாள். உத்திரம் நிற்கிறது.