அடிக்காற்றின் செய்தி

சாண்டியா மலைமுகட்டில் கதிரவன் தலைகாட்டாத ஐப்பசி விடியலில், ரியோ கிராண்டே ஆற்றின் இருகரை மரங்களும் இலை பழுத்து மஞ்சள் பூத்து நிற்க, வீட்டுக் கூரைகளினின்று எழுந்த விறகுப்புகை சற்றே நிமிர்ந்து, பின் தெற்கே சாய்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் குளிர்ந்த அடிக்காற்று ஆற்றோடு தெற்கே இறங்குவதும், அதன் தலைக்குமேல் உச்சிக்காற்று வடக்கே ஏகுவதும் அப்பள்ளத்தாக்கின் இயல்பு. இவ்விரு காற்றிலும் மாறிமாறி ஏறி, சூடேற்றிய காற்றால் மிதக்கும் வான்கூண்டை வேண்டிய இடத்தில் இறக்குவோருள் ஓடிலியாவுக்கு நிகர் ஓடிலியாவே.

அன்றைய போட்டியில், நெடுங்கம்பத்தின் உச்சியில் ஒரு சரக்குந்தின் சாவி தொங்கியது. மிதந்துவந்து கையால் பறிப்பவர்க்கே அவ்வண்டி. ஓடிலியாவின் பழைய வண்டி சென்ற குளிர்காலத்தில் உயிர்விட்டது. கூண்டையும் கூடையையும் சுமக்க வண்டியில்லையேல் பறத்தலும் இல்லையாதலால், ஓராண்டாய் எலிசியோவின் வண்டியே அவளுக்குக் கால். அவள் மகளுக்கு ஞானத்தந்தையாய் நின்ற அந்த நண்பன், இன்று கம்பத்தடியில் நின்று அடிக்காற்றின் நிலையைப் பேசுகருவியில் உரைக்க இசைந்திருந்தான்.

கதிர் எழுந்ததும் அடிக்காற்று ஓயும் என்றது வானிலை அறிவிப்பு. அது மேட்டிலுள்ள வானூர்தி நிலையத்துக் காற்றைக் கொண்டு கணித்தது. மேட்டு வெயில் பள்ளத்தைச் சூடேற்ற நேரமாகும் என்பதை அவள் அறிவாள். ஆகவே அறிவிப்பைப் பாதி நம்பினாள்; எலிசியோவை முழுதும் நம்பினாள்.

உச்சிக்காற்றில் தெற்கிலிருந்து வந்தவள் கம்பத்தை நெருங்கினாள். அடிக்காற்று வீசுமாயின், கம்பத்தைக் கடந்து வடக்கே போய் இறங்கவேண்டும். அக்காற்றே அவளைப் பின்னுக்குத் தள்ளிச் சாவியில் சேர்க்கும். ஓய்ந்ததாயின் நேரே இறங்கவேண்டும். கீழே எலிசியோ ஒரு கையால் தொப்பியைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றான்.

"எலிசியோ, கீழ எப்படி இருக்கு?"

"அடிக்காத்து செத்துப்போச்சு, ஓடிலியா. நேரா எறங்கு."

"அதுக்குள்ளயா?"

"நான் என்னிக்கு உனக்குத் தப்பாச் சொல்லியிருக்கேன்?"

கூடைக்கு வெளியே எச்சில் துப்பி, அது சாயும் திசையைப் பார்ப்பது ஓட்டிகளின் வழக்கம். நண்பனின் சொல்லின்மேல் துப்பிப் பார்ப்பதா என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இறங்கியதும் அடிக்காற்று அவளைப் பற்றித் தெற்கே எறிந்தது. நீட்டிய விரல்கள் ஒரு முழத்தில் சாவியைத் தவறவிட, கூண்டு மிளகாய்க் காட்டில் போய் விழுந்தது. அடுத்து வந்தவன் வடக்கே கடந்து இறங்கிச் சாவியைப் பறித்த ஆரவாரம் அவளுக்குக் கேட்டது.

வழக்கம்போல் எலிசியோ வண்டியோடு வந்தான்.

"அப்ப செத்துத்தான் கெடந்துச்சு. திடீர்னு எழுந்துடுச்சு."

"செத்த காத்துக்கா தொப்பிய அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னே? மேலேர்ந்து பாத்தேன்டா. கண்ணுக்கு நெழல் பிடிக்கிறேன்னு நெனச்சேன்."

அவன் தலை கவிழ்ந்தது.

"வண்டி கெடைச்சிட்டா என்னை எதுக்குத் தேடப்போற? இந்த ஒரு வருஷமாத்தான் நீ என் வாசலுக்கே வர்றே."

"என் புள்ளைய உன் கையில குடுத்தப்போ உன்கிட்ட வண்டி இருக்கான்னா பாத்தேன்?"

ஓடிலியாவுக்கு நெஞ்சு வெந்தது. பரிசு போன துயரினும், தன் நட்புக்கு அவன் இத்துணைச் சிறிய விலை மதித்திருந்தானே என்பதே அவளைச் சுட்டது.

கூண்டின் துணியைச் சுருட்டினர். கூடையோ ஒருவரால் தூக்கலாகாதது. எனவே எப்போதும்போல் அவன் ஒருபுறமும் அவள் மறுபுறமும் பிடித்து வண்டியில் ஏற்றினர். அவள் முன்னிருக்கைக்குப் போகாமல், பின்னால் கூடையோரம் ஏறி அமர்ந்தாள்.

"முன்னால வந்து உக்காரேன், குளிருது."

"ஓட்டு."

அன்புடையீர், பகைவன் வஞ்சித்தால் அவனை விட்டு நடந்துவிடலாம். நண்பன் வஞ்சித்தாலோ, அவனோடு சேர்ந்தே சுமையைத் தூக்கி, அவன் வண்டியிலேயே வீடு திரும்ப வேண்டியிருக்கிறது.