முதலில் கழற்ற வேண்டியது

"வெட்டியாச்சு அண்ணி. இனிமே அந்தக் கோணச் சக்கரத்தை நீங்க பார்க்கவே வேண்டாம்."

கொழுந்தன் சமையலறை வாசலில் நின்று சொன்னான். ஒரு கையில் கம்பி வெட்டும் கத்தரி. இன்னொரு கையில் சைக்கிள் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப். நாற்பது கம்பிகளும் நறுக்கப்பட்டு அதைச் சுற்றி முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன.

"ரிம்?"

"தெருமுனைத் தொட்டியில சாத்திட்டு வந்தேன்."

அவள் தலையாட்டினாள். பாத்திரங்களைக் கழுவி முடித்தாள். பிறகு, கழுவியதையே எடுத்து இன்னொரு முறை கழுவினாள்.

கணவன் போய்ப் பதினெட்டு நாள். மேட்டில் மிதித்துப் போனவனுக்கு நெஞ்சு நின்றுவிட்டது. அவன் ஓரமாகச் சாய, சைக்கிள் ரோட்டில் விழ, பின்னால் வந்த வண்டி அதன் சக்கரத்தில் ஏறியது. "உடம்புல ஒரு கீறல் இல்லம்மா" என்றார் டாக்டர். அவள் "சரிங்க" என்று சொல்லி வைத்தாள்.

நாளை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் காலை ஆறு மணி ஷிஃப்ட். முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான். இத்தனை வருஷமும் அவன் பின்னால் உட்கார்ந்து போனவள். ஓட்டத் தெரியும், ஓட்ட வேண்டி வந்ததில்லை. "திங்கக்கிழமை வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. நானும் எவ்வளவுதான் தள்ளிப் பார்க்கிறது?" என்று சூப்பர்வைசரம்மா போனில் சொல்லிவிட்டாள். புது ரிம் வாங்கியாயிற்று. பழைய ஹப்பை அதில் கட்டினால் சைக்கிள் ஓடும். கட்டுவதற்கு முன்னால், செயின் ஓடும் பல்சக்கரமான ஃப்ரீவீலை ஹப்பிலிருந்து கழற்ற வேண்டும். அது இருக்கும்வரை வலது பக்கத்துத் துளைகளில் கம்பி கோர்க்க முடியாது.

"பத்து நிமிஷ வேலை" என்றான் கொழுந்தன்.

பைப் ரெஞ்சால் பல்லைப் பிடித்துத் திருகினான். பல் மட்டும் டிக் டிக்கென்று சும்மா சுற்றியது. ஹப்பில் துணி சுற்றி இடுக்கிப் பிடித்தான். அப்போதும் சுற்றியது. உளியை ஃப்ரீவீல் முகப்பிலிருந்த காடிப் பள்ளம் ஒன்றில் வைத்துச் சுத்தியலால் அடித்தான். இரண்டு அடி, மூன்று அடி. நான்காவது அடிக்கு, வெளியே எங்கோ போய்விட்டுத் திரும்பிய அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"போதும் தம்பி. ஒரு காடி மழுங்கிப்போச்சு."

"இன்னும் மூணு இருக்கே அண்ணி."

"அதனாலதான் போதும்னு சொல்றேன்."

இருவரும் ஹப்பைத் துணிப்பையில் போட்டு, புது ரிம்மையும் எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனார்கள். கடைக்காரரை எல்லோரும் 'கோணல்' என்றுதான் கூப்பிடுவார்கள். சக்கரத்துக் கோணலை எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதற்கு இந்தப் பட்டம்.

கோணல் பைக்குள் பார்த்தார். வெளியே எடுக்கவில்லை.

"கம்பியை வெட்டினது யாரு?"

"நான்தான்" என்றான் கொழுந்தன்.

"கிளையில உட்கார்ந்துகிட்டே கிளையை வெட்டியிருக்கே. நல்லா வருவே."

"ரிம் எப்படியும் வேஸ்ட்தானே அண்ணே?"

"வேஸ்ட்தான். ஆனா அதுதான் கைப்பிடி. ஃப்ரீவீலைக் கழட்டிட்டு அப்புறம் வெட்டணும். இப்போ எதைப் பிடிச்சுத் திருகுவே? ஹப்பை இந்த வைஸ் இடுக்குல கொடுத்து நெரிச்சா நசுங்கிடும். அப்புறம் ஹப்புக்கும் அழணும்."

சொன்ன பிறகுதான் அவளைப் பார்த்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த டயர்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கோணல் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார். ஃப்ரீவீல் கழற்றும் இரும்புக் கட்டைகள் கொட்டின. ஒன்றில் உள்பக்கம் பொருந்தும் வரிப்பற்கள். ஒன்றில் இரண்டு கொம்பு. ஒன்றில் நான்கு.

"இந்த ரெண்டு கொம்பு மாட்டுதே அண்ணே" என்றான் கொழுந்தன்.

"மாட்டும். திருகினா ரெண்டு காடியையும் தின்னுட்டு வெளிய வந்துடும். மாட்டுறதெல்லாம் பொருந்துறது ஆகுமா? கல்யாணம் ஆனவன்தானே நீ?"

நான்கு கொம்புக் கட்டையை உட்கார வைத்து, நழுவாமல் இருக்க அச்சு நட்டால் மேலே இறுக்கினார். மழுங்கிய இடத்தில் ஒரு கொம்பு சும்மா நின்றது. மூன்று கவ்வின.

"கருவி சரி. பிடிதான் இல்ல. என்கிட்ட இருக்கிற ரிம் எல்லாம் முப்பத்தாறு துளை, இதுக்கு நாற்பது வேணும். உங்க புது ரிம்மை இந்த இழுப்புக்குக் கொடுத்தா அதுவும் கோணிடும். அந்தப் பழசு இருந்தா இடது பக்கத்துல மட்டும் இருபது கம்பி கோர்த்துத் தருவேன்."

"தொட்டியில போட்டேன். ஞாயித்துக்கிழமை காலையிலேயே அள்ளிட்டுப் போயிடுவாங்களே..." என்றான் கொழுந்தன்.

"என் கட்டிலுக்கு அடியில இருக்கு" என்றாள் அவள்.

"எப்போ எடுத்தீங்க?"

"நீ ரெஞ்சோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தப்போ."

"எதுக்கு அண்ணி?"

"தெரியல. போய் எடுத்துட்டு வா."

மதியத்துக்குள், கடையில் கிடந்த பழைய கம்பிகளால் ரிம்மைக் கட்டிவிட்டார் கோணல். வட்டமாக இல்லை, ஒரு பக்கம் உள்ளே அமுங்கி, அவரைவிதை மாதிரி இருந்தது. கழற்றும் கட்டையை வைஸில் கடிக்க வைத்து, சக்கரத்தை அதன் மேல் படுக்கப்போட்டார். பஸ் ஸ்டியரிங் மாதிரி ரிம்மைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினார். அசையவில்லை. கொழுந்தனும் சேர்ந்தான். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"எத்தனை வருஷம்மா மிதிச்சார்?"

"பதினொண்ணு. பின்னாடி என்னையும் வச்சுக்கிட்டு. மேடு வேற."

"அதான். ஒவ்வொரு மிதிக்கும் இது இறுகும்."

"இறங்கி நடக்கிறேன்னு சொல்வேன். கேட்க மாட்டார்."

"பாரு, யார்மேல தப்புன்னு" என்றார் கோணல். கொழுந்தன் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று வாயை மூடினான்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். பிடிக்க மிச்சமிருந்தது ரிம் அமுங்கிய இடம் மட்டும்தான். அங்கே இரண்டு கையையும் வைத்தாள். இரும்பு சில்லென்று இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

"மூணு சொல்றேன். ஒண்ணு, ரெண்டு..."

டக்.

"உடைஞ்சிடுச்சா?"

"இல்லம்மா. விட்டுடுச்சு."

அச்சு நட்டைத் தளர்த்தியதும் ஃப்ரீவீல் விரலுக்கே சுழன்று வந்தது. உள்ளே மரை புதிதாக மின்னியது. கொழுந்தன் அண்ணியின் முகத்தைப் பார்த்தான். அவள் உள்ளங்கையில் பதிந்த ரிம்மின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் கிடைச்சிடுமா அண்ணே?"

"கிடைச்சிடும்."

"இந்த ரிம்மை என்ன பண்றது அண்ணி?" என்றான் கொழுந்தன். "வீட்டுக்குக் கொண்டு போகலாமா?"

"இங்கேயே கிடக்கட்டும்மா" என்றார் கோணல். "இவனை மாதிரி முதல்ல வெட்டிட்டு வர்றவங்க இன்னும் வருவாங்க."

அவள் சரி என்றாள்.

சாயங்காலம், கட்டி முடித்த புதுச் சக்கரத்தில் கோணல் ஃப்ரீவீலைக் கையாலேயே திருகினார். ஸ்பேனரைத் தொடவில்லை.

"இறுக்க வேண்டாமா?"

"வேண்டாம். மிதிக்க மிதிக்கத் தானா இறுகிக்கும்."

"நான் மிதிச்சாலுமா?"

"யார் மிதிச்சா என்னம்மா? அதுக்குத் தெரியவா போகுது?"

காலையில் ஐந்தரைக்குக் கிளம்பினாள். முதல் மிதி கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. மேடு வந்ததும் மூச்சு வாங்கியது. இறங்கித் தள்ளினாள். மேட்டின் தலைக்கு வந்ததும் ஏறி உட்கார்ந்து, மறுபடி மிதித்தாள். ஆறு அடிக்க நான்கு நிமிஷம் இருக்கும்போது சலவைக் கூடத்துக் கேட்டுக்குள் நுழைந்தாள்.

"யாரு கொண்டுவந்து விட்டாங்க?" என்றாள் சூப்பர்வைசரம்மா.

"யாரும் இல்ல" என்றாள்.