அண்ணி போட்ட காப்பி

ஆராதனை முடிந்து ஜனங்கள் பின்கூடத்துக்கு வருவதற்குள் காப்பி தயாராக வேண்டும் என்று தையல்காரியின் அண்ணி பறந்துகொண்டிருந்தாள். கோப்பை எடுக்கக் கோயில் அடுக்களைக்குள் நுழைந்த தையல்காரி அப்படியே நின்றுவிட்டாள். அத்தனை பெரிய பாத்திரத்துக்கு அண்ணி போட்டது வெறும் மூன்று கரண்டித் தூள். மூன்றாவதிலும் பாதியைப் பொட்டலத்துக்கே திருப்பி அனுப்பினாள்.

அடிப்பாவி, இதுதானா சங்கதி என்று தையல்காரிக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. இந்தச் சபையில் மூன்று வருஷமாகக் கழுநீர் குடித்து நாக்குச் செத்துப்போனவர்களில் அவளும் ஒருத்தி. மலையில் காப்பி விளைவிக்கும் சிறு விவசாயிகளின் சங்கத்திடமே, நடுவில் தரகன் இல்லாமல், நியாயமான விலை கொடுத்துத் தூள் வாங்கவேண்டும் என்று போதகரிடம் மல்லுக்கட்டி ஆரம்பித்தவள் அண்ணிதான். வீடு வீடாக ஏறிப் பேசினாள். மழையில் பெட்டி தூக்கினாள். அண்ணன் பெண்டாட்டிக்கு உலகத்தையே தூக்கி நிறுத்துகிற நினைப்பு என்று தையல்காரி வாய்க்கு வந்தபடி கேலி பேசியிருக்கிறாள். இன்றைக்கு அதற்கெல்லாம் முடிவு வரப்போகிறது. கடைத் தூளுக்கே மாறிவிடலாம் என்று சபைச் செயலாளர் எல்லாரையும் கேட்கப்போகிறார். மாறினால் இந்த ஊரில் சங்கத்துக்கு இருக்கும் ஒரே வாடிக்கையும் போய்விடும்.

எல்லார் கையிலும் கோப்பை வந்ததும் செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"நல்ல காரியந்தான், யாரும் இல்லைங்கல. ஆனா வாயில வைக்க முடியலையே. அந்தத் தூள் சரியில்ல."

தலைகள் ஆடின. தையல்காரிக்கு நாக்கு துறுதுறுத்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணியின் மானம் கப்பலேறிவிடும். அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்தானையில் கையைத் துடைத்தபடி நடுக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"தூள் மேல தப்பில்லங்க. நான்தான் பாதிக்குப் பாதி குறைச்சுப் போட்டேன். பாடுபட்டு விளைய வச்சதாச்சே, அள்ளிக் கொட்ட மனசு வரல. இப்பதான் உறைக்குது. நான் மிச்சம் பிடிச்சதெல்லாம் அவங்க வயித்துல அடிச்சதுதான். திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க. அவங்ககிட்ட வாங்குறத நிறுத்திடாதீங்க. பத்து நிமிஷம் பொறுங்க, ஒழுங்கா போட்டுக் கொண்டாரேன்."

நானாக இருந்தால் அடுப்பு, தண்ணீர், பாத்திரம் என்று எதன் மேலாவது பழியைப் போட்டுத் தப்பித்திருப்பேன் என்று தையல்காரிக்குத் தோன்றியது. இத்தனை பேர் முன்னால் இப்படி வந்து நிற்க என்ன நெஞ்சு வேண்டும். இவள் என் அண்ணி என்று யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்கு ஓடினாள்.

அங்கே அண்ணி தூள் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"தாராளமா போடுங்க அண்ணி. நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன்."

"ரொம்பக் கசப்பா ஆயிடுமோடி?"

"ஆகட்டும்."

புதுக் காப்பி கூடத்துக்கு வந்ததும் முதல் கோப்பையைச் செயலாளரே எடுத்தார். ஊதினார். இன்னொரு தரம் ஊதினார். சபை முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணி மட்டும் தரையைப் பார்த்தபடி நின்றாள். அவளுடைய ஈரக் கையைத் தையல்காரி முந்தானைக்குள் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.